சைக்கிள் கத்துக்கொடுக்கிற சீன்: சிரிப்பு வருது, காதலை எப்படிக் கொண்டுவர்றது?

சில்வர்பீச்_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் கடலூர் தேவனாம்பட்டினம், படிக்கிறது புதுச்சேரியில. நண்பர்கள் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கப்போறோம். 20 நிமிஷத்துக்குள்ள முடியற காமெடி.

கதை இதுதான். புதுச்சேரி ஒயிட் டவுன்ல மாமாவோட வாடகை சைக்கிள் கடையைப் பார்த்துக்கிற பையன். வங்கியில வேலை கிடைச்சுப் புதுசா ஊருக்கு வந்திருக்கிற பொண்ணு. அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது, அதை யார்கிட்டயும் சொல்லவும் மாட்டா. தினமும் சாயங்காலம் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து, தள்ளிக்கிட்டே தெருமுனை திரும்பிப் போயிடுவா. ஒரு மணி நேரம் கழிச்சுத் தள்ளிக்கிட்டே வந்து, காசு கொடுத்துட்டுப் போவா. பையன் இதைக் கண்டுபிடிச்சு, கத்துக்கொடுக்க ஆரம்பிக்கிறான். எதிர்வீட்டுத் திண்ணையில ஒரு தாத்தா, சிவப்புத் தொப்பி போட்ட புதுச்சேரி போலீஸ்காரர் ஒருத்தர், போறவங்க வர்றவங்க எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொல்றாங்க.

ஒத்திகையை செல்போன்ல எடுத்துப் பார்த்தோம். காமெடி நல்லா வருது. ஆனா அவன் கேரியரைப் பிடிச்சுக்கிட்டே ஓடி, ஒரு கட்டத்துல கையை விடுற இடம் இருக்கே, அங்கதான் காதல் தெரியணும். கிம்பல்ல, அதான் கேமரா ஆடாம பிடிக்கிற கருவியில, ரெண்டு பேரையும் சுத்தி வந்து ஒரு தடவை, ஸ்லோமோஷன்ல ஒரு தடவை எடுத்தோம். ரெண்டும் கல்யாண வீடியோ மாதிரி இருக்கு. காமெடியை நிறுத்தி வச்சுட்டு நடுவுல ஒரு காதல் பாட்டு சொருகின மாதிரி தெரியுது. சிரிப்பு ஓடிக்கிட்டிருக்கும்போதே காதலும் தெரியணும்னா கேமராவை எங்க வைக்கிறது, எப்ப நகர்த்துறது? கேமரா வாடகைக்கு எடுக்கலாம், லென்ஸ் ரெண்டுக்கு மேல கையில காசு இல்ல.

பழைய_ஆப்பரேட்டர்:

தம்பி, நான் கடலூர்ல தியேட்டர் ஆப்பரேட்டரா இருந்தவன். ஆப்பரேட்டர் ரூம் ஓட்டை வழியா திரையைப் பார்த்ததை விட ஜனங்களோட தலையைப் பார்த்ததுதான் அதிகம்.

1964ல வந்த காதலிக்க நேரமில்லை படத்தை ஒரு தடவை சத்தத்தை அணைச்சுட்டுப் பாருங்க. ஸ்ரீதர் டைரக்‌ஷன், கேமரா ஏ. வின்சென்ட். ஈஸ்ட்மன் கலர்ல எடுத்த முழுநீளக் காமெடி. ஸ்டுடியோ சுவத்தை விட்டுட்டு ஆழியாறு பக்கம் போனதுல அந்தப் படத்துக்கு ஒரு பெரிய வசதி கிடைச்சது. காதலிக்கிறவங்களுக்கு ஓட, ஒளிய, ஒருத்தரை ஒருத்தர் துரத்த வெளி இருக்கு. அதே வெளியிலதான் அப்பாவா வர்ற பாலையாவும் நடமாடுறார். நாகேஷ் பேய்க்கதை சொல்ற சீன்ல கதை என்னங்கிறது யாருக்கும் முக்கியமில்ல, பாலையா முகத்துல ஏறுற பயத்தைத்தான் பார்க்கிறோம். காதலுக்கும் அதேதான் கணக்கு. சொல்றவனை விடக் கேட்கிறவங்களைப் பாருங்க. உங்க கதையில கத்துக்கொடுக்கிறவனை விடக் கத்துக்கிற பொண்ணு முகம் முக்கியம். மத்ததைத் தொழில் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

ஃபோகஸ்_முத்தியால்பேட்டை:

தம்பி, நான் சென்னையில படங்களுக்கு ஃபோகஸ் புல்லரா இருந்தவ. கேமராவுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, நடிக்கிறவங்க கேமராவுலிருந்து எவ்வளவு தூரத்துல இருக்காங்கன்னு ஒவ்வொரு நொடியும் கணக்குப் பார்க்கிற வேலை. அதனால எனக்குக் காதல் சீன்னாலே மொதல்ல தோணுற கேள்வி தூரம்தான். ரெண்டு பேருக்கும் நடுவுல எவ்வளவு, கேமராவுக்கும் அவங்களுக்கும் எவ்வளவு. உங்க சீன்ல இது ரெண்டுமே நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுது. இவ்வளவு நல்ல சீனை நீங்களே எழுதி வச்சிருக்கீங்க.

சுத்தி வர்ற ஷாட்டை எடுத்துடுங்க. அது தப்பான ஷாட் இல்ல, அதுக்கு வேற இடம் இருக்கு. ரவுண்ட் டிராலி போட்டாலே "இனிமே இவங்க ரெண்டு பேர்தான் உலகம்"னு கேமரா தீர்ப்புச் சொல்லிடுது. பின்னாடி இருக்கிற தெரு, வீடு, மனுஷங்க எல்லாம் கலங்கி ஓடிடும். உங்க காமெடியே அந்தத் தெருவுலதான இருக்கு? தாத்தாவும் போலீஸ்காரரும் ஃப்ரேமை விட்டுப் போனதும் சிரிப்பும் கூடவே போயிடும். அதனாலதான் பாட்டு சொருகின மாதிரி தெரியுது. அதோட, அந்த நேரத்துல சைக்கிள் நேரா போகுது, கேமரா மட்டும் வட்டம் போடுது. யார் பார்வை அது? பார்க்கிறவங்களுக்குக் கேட்கத் தெரியாம இருக்கலாம், ஆனா ஒட்டாம போறது இதனாலதான்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். கையை விடுற இடத்தை எதிர்லேருந்து எடுங்க. அவ கேமராவை நோக்கி ஓட்டிக்கிட்டு வர்றா, அவன் பின்னாடி கேரியரைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வர்றான். ரெண்டு முகமும் நமக்குத் தெரியும். ஆனா அவளால திரும்பிப் பார்க்க முடியாது, திரும்பினா விழுந்துடுவா. அவனுக்குத் தெரியறது அவ முதுகும் பின்னலும்தான். ஒருத்தர் முகத்துல ஓடுறது இன்னொருத்தருக்குத் தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். ரெண்டு குளோசப் எடுத்து வெட்டி ஒட்ட வேண்டியதை ஒரே ஃப்ரேம் கொடுக்குது. நம்ம புதுச்சேரியிலயே எடுத்த நானும் ரௌடிதான் 2015ல வந்தது, விக்னேஷ் சிவன் படம், கேமரா ஜார்ஜ் சி. வில்லியம்ஸ். அதுல நாயகி காதம்பரிக்குக் காது கேட்காது, பேசுறவங்க உதட்டைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கணும். அப்ப நாயகன் பாண்டி அவகிட்ட ஏதாவது சொல்லணும்னா அவ முகத்துக்கு நேரா வந்து நின்னாகணும். முதுகுப்பக்கம் நின்னு என்ன பேசினாலும் அவளுக்குப் போய்ச் சேராது. காமெடியும் காதலும் அந்த ஒரு நிலைமையிலேருந்தே பிறக்குது, யார் எங்க நிக்கணும்ங்கிறதை அதுவே முடிவு பண்ணுது. உங்க பொண்ணுக்குத் திரும்பிப் பார்க்க முடியாதுங்கிறதும் அதே மாதிரி ஒரு சொத்து. பிடிச்சுக்கோங்க.

எதிர்லேருந்து எடுக்கும்போது எவ்வளவு தூரத்துலேருந்து எடுக்கிறீங்கங்கிறதுதான் அது சிரிப்பா காதலாங்கிறதைத் தீர்மானிக்கும். கணக்காவே சொல்றேன். கேமரா அவளுக்கு முன்னாடி 2 மீட்டர் தூரம் மாறாம பின்னோக்கிப் போகுது, அவன் அவளுக்கு 1 மீட்டர் பின்னாடி. கேமராவுலேருந்து அவனுக்கு 3 மீட்டர். அப்ப அவன் அவளை விடக் கொஞ்சம் சின்னதா, மூணுல ரெண்டு பங்கா தெரிவான். கையை விட்டு நின்னுட்டான், அவ அவனை விட்டு 6 மீட்டர் முன்னாடி வந்துட்டா. இப்ப அவன் 8 மீட்டர்ல, அவளோட அளவுல கால்வாசிக்கு வந்துடுவான். ரெண்டு நொடியில ஆள் பொம்மையா சுருங்குறான். தியேட்டர் சிரிக்கும்.

அதையே 10 மீட்டர் தள்ளி நின்னு 85 எம்எம் மாதிரி, தூரத்துல இருக்கிறதைப் பெருசாக் காட்டுற ஒரு லென்ஸ்ல எடுங்க. தொடக்கத்துல அவ 10, அவன் 11. கிட்டத்தட்ட ஒரே அளவு, தோளோட தோள் ஒட்டின மாதிரி இருக்கும். கையை விட்டு 6 மீட்டர் பின்தங்கின பிறகும் அவ 10, அவன் 16. இன்னும் பாதிக்கு மேல தெரியறான். உண்மையில தூரமாயிட்டான், படத்துல அவ கூடவே இருக்கான். அவ மனசுலயும் அப்படித்தான், அவன் பின்னாடியே இருக்கிறதா நம்பிக்கிட்டிருக்கா. அவ நம்புறதைத்தான் கேமரா காட்டுது. இதுக்கு மேல காதலைக் காட்ட வசனம் வேணுமா?

ரெண்டையும் எடுங்க. மொத நாள் பாடம் கிட்டத்துலேருந்து, அகல லென்ஸ்ல. கையை விடுறான், சுருங்குறான், அவ விழுறா, தாத்தா திட்டுறார். கடைசி நாள் பாடம் தூரத்துலேருந்து. இந்தத் தடவை அவன் கையை விட்டதைக் காட்டாதீங்க. கேரியர் அவ உடம்புக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கும், நமக்கும் தெரியாது. அவ ஓட்டிக்கிட்டே அவன்கிட்ட ஏதோ சொல்ல ஆரம்பிக்கிறா, வேற யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு. அந்த நேரம் பின்னாடி போலீஸ்காரர் கை காட்ட, பையன் ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிடுறான். ரெண்டு கையும்! அப்பத்தான் பார்க்கிறவங்களுக்கு உறைக்கும், எப்பவோ விட்டுட்டான்னு. சிரிப்பாங்க. அவ பேசறது அவனுக்குக் கேட்கவே இல்லைங்கிறதும் அதே நொடியில புரியும். ஷாட்டை வெட்டாதீங்க. அவன் ஓட ஆரம்பிக்கட்டும்.

அடுத்தது, கேமரா எப்ப நகரணும். இப்படி யோசிங்க: அவ பெடல் மிதிச்சு பத்தடி போற வரைக்கும் படத்துல கேமரா நகரவே கூடாது. கடை, திண்ணை, அவ தனியா தள்ளிக்கிட்டுப் போறது, விழுறது எல்லாம் ஸ்டாண்டுல நிக்கட்டும். கால் பாதம் வரைக்கும் தெரியற மாதிரி அகலமா வைங்க. சைக்கிள் தெரியாதவங்களோட காமெடி முழுக்கக் காலில்தான் இருக்கு. இடுப்புக்கு மேல ஃப்ரேம் வச்சா பாதி சிரிப்பு போச்சு. இத்தனை நேரம் நின்ன கேமரா, அவ நகர்ந்ததும் கூட நகரும்போது பார்க்கிறவங்களுக்கு நெஞ்சுல ஏதோ அசையும். அவ வேகம்தான் கேமரா வேகம். பின்தங்கினவன் ஃப்ரேமை விட்டு நழுவினா நழுவட்டும், மறுபடி ஓடி வந்து அவனே உள்ள வரட்டும். கேமரா திரும்பிப் போய் அவனைத் தேடக் கூடாது. ஃப்ரேமுக்குள்ள வர அவன் படுற பாடுதான் அவன் சொல்லாத வசனம்.

ஒண்ணு விட்டுட்டேன். ரெண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நடக்கிற சீன் கட்டாயம் வைங்க. மொத வாரம் சைக்கிள் ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கட்டும். பக்கவாட்டுல அவங்க கூடவே கேமராவை நகர்த்துங்க, கேமரா பையன் பக்கம். அவனுக்கு அப்புறம் சைக்கிள், அதுக்கு அப்புறம் அவ. வேலி போட்ட மாதிரி ஹேண்டில் பார் குறுக்க நிக்கும். கடைசியில அதே தெரு, அதே வேகம், அவன் அவ பக்கம் மாறி வந்துட்டான், சைக்கிள் ஓரத்துல போகுது. ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

எடிட்_மேசை:

நல்லா சொன்னீங்க அக்கா, ஆனா ரெண்டு இடத்துல ஒத்துக்க முடியல. நான் எடிட்டிங் பண்றவன்.

காதல் வெட்டுலதான் பிறக்குது. எதிர்ல எடுத்த அந்த நீள ஷாட் எவ்வளவு அழகா இருந்தாலும், அவன் நின்னுட்ட அப்புறம் அவன் முகத்துக்கு ஒரு தனி குளோசப் வேணும். அவ போறதைப் பார்க்கிற கண்ணு. அதைக் காட்டலைன்னா ஜனங்க சிரிச்சிட்டுப் போயிடுவாங்க, அவனுக்கு என்ன ஆச்சுன்னு மனசுல நிக்காது.

இன்னொண்ணு, ஸ்லோமோஷனை அவ்வளவு லேசா தள்ளிடக் கூடாது. மைக்கேல் மதன காமராஜன், 1990, சிங்கீதம் சீனிவாசராவ். முழுக்க முழுக்கக் காமெடி. அதுல சுந்தரி நீயும் பாட்டு ஸ்லோமோஷன்லதான் போகுது. கமலும் ஊர்வசியும் அசையறது மெதுவா, உதடு மட்டும் பாட்டோட சரியா ஒத்துப்போகும். எங்கயாவது ஒட்டாம இருக்கா?

ஃபோகஸ்_முத்தியால்பேட்டை:

தம்பி, சுந்தரி நீயும் பத்தி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. எப்படின்னு கேட்டவருக்கும் புரியட்டும். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுற படத்துக்கு 48 ஃப்ரேம்ல எடுத்தா அசைவு பாதி வேகமாயிடும். உதடு ஒத்துப்போகணும்னா எடுக்கிற இடத்துல பாட்டை ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டு, அந்த வேகத்துலயே வாயசைச்சு, அதே நேரம் முகத்துல பதற்றம் இல்லாம நடிக்கணும். எவ்வளவு பெரிய வேலை அது! கேமராமேன் பி. சி. கௌரிசங்கர். அங்க அது ஏன் ஒட்டுதுன்னா, மெதுவாகிறது ஒரு நொடிக்கு மட்டும் இல்ல. பாட்டோட உலகமே அந்த வேகத்துல இருக்கு, வாய் மட்டும் நம்ம வேகத்துல பேசுது. ஓடுற சீன்ல திடீர்னு ஒரு ஷாட்டை மட்டும் மெதுவாக்கினா "இப்ப உருகுங்க"ன்னு ஜனங்களுக்கு உத்தரவு போடுற மாதிரி ஆகுது. நம்ம தம்பி சீன்ல சைக்கிளோட தள்ளாட்டம்தான் உயிர். மெதுவாக்கினா தள்ளாட்டம் போய் மிதக்கிற மாதிரி ஆயிடும், விழுந்துடுவாளோங்கிற பயம் போயிடும். பயம் போனா அவன் பின்னாடி ஓடுறதுக்கு அர்த்தம் இல்ல.

தனி குளோசப் விஷயத்துல நான் என் பக்கம்தான் நிப்பேன். அந்த இடத்துல வெட்டினா அவனுக்கும் அவளுக்கும் இருக்கிற தூரம் காணாம போயிடும். அவன் முகம் பெருசா வரும், அவ எவ்வளவு தூரம் போயிட்டான்னு தெரியாது. குளோசப் வேணும்னா ஓடி வந்து மூச்சு வாங்கி அவ பக்கத்துல நின்ன பிறகு வைங்க. படத்துல அவனுக்கு அதுதான் மொத குளோசப்பா இருக்கட்டும். அதுவரைக்கும் செலவு பண்ணாம வச்சிருந்தா ஒண்ணே போதும்.

எடிட்_மேசை:

மொத குளோசப்பா இருக்கட்டும்ங்கிறது பிடிச்சிருக்கு. ஆனா எடுத்து மட்டும் வச்சுக்கோங்க தம்பி, ரெண்டு இடத்துக்கும். மேசையில போட்டுப் பார்த்து முடிவு பண்ணலாம்.

சில்வர்பீச்_தம்பி:

அக்கா, அண்ணா, ஐயா, ரொம்ப நன்றி. அந்தக் கும்பிடுற இடத்தை நண்பர்கள்கிட்ட படிச்சுக் காட்டினேன், உடனே ஸ்கிரிப்ட்ல ஏத்திட்டோம். மூணு சந்தேகம். சைக்கிளுக்கு முன்னாடி கேமரா பின்னோக்கிப் போகணுமே, கேமரா ஓடத் தண்டவாளம் (டிராக்) போட வசதி இல்ல, என்ன பண்றது? வெளிச்சம் எந்த நேரம், எந்தத் தெரு? ஒருவேளை கேமரா கிடைக்காம செல்போன்லயே எடுக்கும்படி ஆனா இந்தத் தூரக் கணக்கு வேலை செய்யுமா?

ஃபோகஸ்_முத்தியால்பேட்டை:

கடைசிக் கேள்விக்கு மொதல்ல. செய்யும். ஆள் சுருங்குறதும் சுருங்காததும் கேமரா நிக்கிற தூரத்தால வர்றது, லென்ஸ் அதைப் பெருசு பண்ணித்தான் காட்டுது. போன்ல 3 எக்ஸ் லென்ஸ் தனியா இருந்தா அதைப் போட்டு, 10 மீட்டர் தள்ளி நில்லுங்க. விரலால இழுத்துப் பெருசாக்காதீங்க, படம் உடையும். பின்னணியைக் கலக்கிக் காட்டுற வசதியை அணைச்சிடுங்க. அவன் கலங்கிட்டா ரெண்டு கையும் தூக்குறது தெரியாம போயிடும். பெரிய கேமராவா இருந்தாலும் லென்ஸ் துவாரத்தை எஃப் 5.6, எஃப் 8னு அடைச்சு வைங்க. பின்னணி கலங்கினாத்தான் சினிமான்னு நினைக்கிறாங்க இப்ப. காமெடியில பின்னாடி நிக்கிறவன் முகம் கலங்கவே கூடாது.

கேமரா நகர மூணு சக்கரச் சைக்கிள் வண்டி, சாமான் ஏத்துற தட்டு வண்டி, அதை வாடகைக்கு எடுங்க. சத்தம் இல்ல, ஸ்கூட்டர் மாதிரி வேகமெடுத்து ஓடிடாது, தட்டு தாழ இருக்கிறதால கேமரா அவ கண் உயரத்துக்கு வரும். கேமராக்காரர் பின்பக்கம் பார்த்து உட்காரட்டும். ஒருத்தர் மிதிக்கட்டும், ஒருத்தர் கூடவே நடந்து இடுப்பைப் பிடிச்சுக்கட்டும். டயர்ல கொஞ்சம் காத்து குறைச்சா தெருவோட அதிர்வு அடங்கும், மிச்சத்தைக் கிம்பல் பார்த்துக்கும். அவ சைக்கிளுக்கும் தட்டு வண்டிக்கும் தூரம் மாறாம இருக்க, தட்டுல இருந்து 10 மீட்டர் கயிறு ஒண்ணைப் பிடிச்சு ஒத்திகை பாருங்க. ஷாட்டுக்குக் கயிறு வேண்டாம், அதுக்குள்ள மிதிக்கிறவருக்கு அந்த வேகம் பழகிடும்.

வெளிச்சம். நம்ம ஊர்ல கடல் கிழக்கே. சூரியன் கடல்லேருந்து எழும், ஊருக்குப் பின்னாடி மறையும். சாயங்காலம் கடலுக்கு முன்னாடி சூரியனை வச்சு நிழலுருவம் எடுக்கலாம்னு வெளியூர்லேருந்து வர்றவங்க கனவு காண்பாங்க, இங்க அது காலையில மட்டும்தான். டூமாஸ் வீதி, ரொமான் ரோலான் வீதி மாதிரி தெற்கு வடக்கா ஓடுற தெருவுல காலையில ஒரு பக்கம் நிழல்தான். உங்களுக்கு வேண்டியது கடலை நோக்கிப் போற குறுக்குத் தெரு. கேமரா மேற்குல நின்னு கடலைப் பார்க்கட்டும், அவ கடல் பக்கத்துலேருந்து நம்மை நோக்கி ஓட்டிக்கிட்டு வரட்டும். சூரியன் அவங்க ரெண்டு பேருக்கும் முதுகுல, தலைமுடி ஓரமெல்லாம் வெளிச்சம், தெருவோட முடிவுல கடல். முகம் இருட்டாகாம இருக்க வண்டித் தட்டுல வெள்ளைத் தெர்மாக்கோல் ஒண்ணைக் கட்டிடுங்க, மஞ்சள் சுவர்லேருந்தும் கொஞ்சம் வெளிச்சம் திரும்பும். சூரியன் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சாகணும்.

தள்ளிக்கிட்டு நடக்கிற சீனைப் பீச் ரோட்டுல வைங்க. சாயங்காலம் 6 மணியிலேருந்து மறுநாள் காலை 7.30 வரை அங்க மோட்டார் வண்டி விடமாட்டாங்க, தட்டு வண்டியை நிம்மதியா உருட்டலாம். கட்டடங்களோட நிழல் விழுந்து வானத்து வெளிச்சம் மட்டும் இருக்கும், முகத்துக்கு அவ்வளவு மென்மையா வேற வெளிச்சம் கிடைக்காது. ஞாயித்துக்கிழமை வேண்டாம், கூட்டம் தாங்காது. எங்க எடுத்தாலும் முறையா அனுமதி எழுதி வாங்கிடுங்க.

பழைய_ஆப்பரேட்டர்:

தாத்தாவை மறந்துடாதீங்க தம்பி. அவர் சிரிக்கிறதா, சும்மா பார்க்கிறதா கடைசியில?

ஃபோகஸ்_முத்தியால்பேட்டை:

ஐயா கேட்டது நல்ல கேள்வி. அவ தனியா ஓட்டிக்கிட்டுத் தெருவைத் தாண்டிப் போறதைத் தாத்தாவோட திண்ணையிலேருந்து ஒரு ஷாட் எடுங்க தம்பி, ஸ்டாண்டுல, அகலமா, அவர் முதுகு ஃப்ரேமோட ஓரத்துல. இடமிருந்து வலமா அவ போறா. கொஞ்சம் கழிச்சு அவனும் அதே பக்கமா ஓடுறான். திசை மாத்திடாதீங்க, அவன் வேற எங்கயோ ஓடுற மாதிரி ஆயிடும். தாத்தா என்ன யோசனை சொல்லணும்னு எழுதி வச்சிருக்கீங்களோ அதை அவர் அப்பவும் கத்திக்கிட்டே இருக்கட்டும்.

நடிக்கிற பொண்ணு நல்லா சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சவங்களா இருக்கணும், இதுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. சீட்டை ரெண்டு விரல் உயர்த்திட்டா கால் சரியா எட்டாம, தானா தள்ளாடும், நடிக்க வேண்டியதில்ல. விழுற ஷாட்டுக்கு மட்டும் தரையில மெத்தை போட்டு, மெத்தை தெரியாம இடுப்புக்கு மேல தனியா எடுத்துக்கோங்க.

சில்வர்பீச்_தம்பி:

சரிங்க அக்கா. தட்டு வண்டி எங்க தெருவுலயே மீன் ஏத்துறவர் ஒருத்தர்கிட்ட இருக்கு, கேட்டுட்டேன், தர்றேன்னுட்டார். இந்த வாரமே ஒத்திகை எடுத்து இங்க போடுறேன்.